டீசல் தீப்பற்றாது என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அறுவடை நெருங்குகிறது. ஏ-9 வீதியோரக் கராஜ்களிலும் சேர்விஸ் நிலையங்களிலும் உழவு இயந்திரங்களும் அவை இழுக்கும் பெட்டிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. கழுவி முடித்ததும், அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்க, பழைய எஞ்சின் ஒயிலில் டீசலைக் கலந்து கொம்பிரசரால் விசிறி அடிப்பது இங்கே வழக்கம். அதிலுள்ள ஆபத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கப்பல்களின் இயந்திர அறையில் ஒயிலராக வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். ஒயில் புகார், அதாவது பனிபோல் காற்றில் மிதக்கும் ஒயில் துளிகள், என்றால் அங்கே பெரிய எஞ்சினியரும் பயப்படுவார். எஞ்சினின் அடியில் தண்டு சுழலும் மூடிய கிராங்க் அறைக்குள், அந்தத் தண்டைத் தாங்கும் ஒரு பெயாரிங் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதில் படும் ஒயில் ஆவியாகும். அந்த ஆவி சற்றுக் குளிர்ந்ததும் நுண்ணிய துளிகளாகத் திரண்டு வெள்ளைப் புகாராக நிற்கும். காற்றோடு தக்க அளவில் கலந்துவிட்டால், சூடேறிய அதே பெயாரிங்கே அதைப் பற்றவைத்துவிடும். 1947இல் ‘றெய்னா டெல் பசிபிக்கோ’ என்ற கப்பல் திருத்தவேலை முடிந்து வட அயர்லாந்துக் கடலில் வெள்ளோட்டம் போனபோது அதன் இயந்திர அறையில் இதேபோல ஒயில் புகார் பற்றி வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். இன்று பெரிய கப்பல் எஞ்சின்களில் புகாரைக் கண்டுபிடிக்கும் கருவி கட்டாயம். அது அலறினால் எஞ்சினை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். சூடு ஆறும்வரை கிராங்க் கதவில் கை வைக்கக்கூடாது. திறந்தால் காற்று உள்ளே போய் வெடித்துவிடும், அவ்வளவுதான்.

சரி, வன்னியில் கப்பல் ஏது என்று கேட்பீர்கள். அண்மையில் என் பெட்டியைக் கழுவக் கொண்டுபோன இடத்தில், தகரக் கொட்டகைக்குள், குழியில் நின்று ஒரு பொடியன் ஒயில் அடித்துக்கொண்டிருந்தான். சில அடி தள்ளி இன்னொருவர் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். வெல்டிங் மின்னும்போதெல்லாம் குழிக்கு மேலே மிதந்த புகார் நீலமாகத் தெரிந்தது. சொன்னேன். "ஐயா, இது டீசல். நெருப்புக்குச்சியைப் போட்டாலும் அணைஞ்சிடும்" என்றான் பொடியன். வாளியில் கிடக்கிற டீசலுக்கு அது சரி. 50 பாகைக்கு மேல் சூடேறினால்தான் அது பற்றுமளவுக்கு ஆவி விடும். விசிறி அடித்த டீசலுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. துளி அவ்வளவு சிறியது, பொறி பட்டதும் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். எஞ்சினுக்குள் நொசில் டீசலைத் தூவுவதே அதற்காகத்தானே.

பொடியன் முகத்தில் ஒரு லேஞ்சி கட்டியிருந்தான். அந்தத் துளிகளுக்கு லேஞ்சி ஒரு தடையே இல்லை, நேரே நுரையீரலுக்குப் போகும். எட்டு மணிநேர வேலைக்கு ஒரு கன மீற்றர் காற்றில் 5 மில்லிகிராம் ஒயில் புகார் என்பதுதான் பல நாடுகள் வைத்திருந்த உச்ச அளவு. அதுவும் சுத்தமான ஒயிலுக்கு. ஓடித் தேய்ந்த எஞ்சின் ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களும் சேர்ந்திருக்கும்.

கராஜ்களில் இன்னொன்றையும் பார்க்கிறேன். நொசிலைக் கழற்றிச் சோதிக்கும்போது சிலர் தூவலுக்குக் கீழே உள்ளங்கையைப் பிடிக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஹைட்ரோலிக் பைப்பில் ஊசித்துளை ஒழுக்கு இருந்தாலும் இதே கதைதான். முதலில் முள்ளுக் குத்தினது போல ஒரு புள்ளி, வலியும் பெரிதாக இராது. சில மணிநேரத்தில் விரல் வீங்கிக் கறுக்கத் தொடங்கும். பிந்தினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘அழுத்தத்தோடு டீசல் ஏறிவிட்டது’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வெறும் காயம் என்று சொன்னால் மருந்து கட்டி அனுப்பிவிடக்கூடும். ஒழுக்குத் தேடக் கையை வைக்காதீர்கள், ஒரு துண்டுக் காட்போட் மட்டை போதும்.

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வரும் பிரதேச சபை உத்தியோகத்தர்கள் கழிவுநீர்த் தொட்டியைப் பார்ப்பதோடு, ஒயில் அடிக்கும் இடத்துக்கும் வெல்டிங் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றும் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலிருந்தே இருக்கிறது. தொழில் திணைக்களத்தின் பரிசோதகர்கள் இந்தத் தகரக் கொட்டகைகளுக்குள்ளும் ஒருக்கால் எட்டிப் பார்க்கலாம். முதலாளிமாரிடம் நான் கேட்பது, ஒயிலைப் பிரஷ்ஷால் பூசுங்கள். நேரம் கூடத்தான் பிடிக்கும். அதற்குக் கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டால், பெட்டி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
மாங்குளம்.