மூன்று அண்ணன்களுக்கு, அணியின் சார்பில்

ரயில்வே அண்ணன், பேங்க் அண்ணன், மாஸ்டர் மூவருக்கும் வணக்கம்.

பெயரைப் போட்டு எழுதக் கூடாது என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மைதானத்தில் கூப்பிடுகிறபடியே எழுதுகிறேன். யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன டிசம்பரில் நீங்கள் மூவரும் எங்கள் கூடைப்பந்து அணிக்குள் வருகிறீர்கள் என்று கோச் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பன்னிரண்டு பேர் பட்டியலில் மூன்று இடம் போகிறதே என்ற எரிச்சல். எங்களில் மூத்தவனான எனக்கே இருபது வயது. உங்கள் மூவரின் வயதைக் கூட்டினால் 131. அந்தக் கணக்கைப் போட்டுப் பையன்களைச் சிரிக்க வைத்தவனும் நான்தான். "தாத்தா கோட்டா" என்ற பெயர் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. விழாத மாதிரியே இருந்தீர்கள்.

முதல் நாள் பயிற்சியில் ரயில்வே அண்ணன் பந்தை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் பந்து கிடையாது என்றார். பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியில் ஆடியவர், ஏதாவது வித்தை காட்டுவார் என்று பார்த்தால், ஐந்து பேரை நிற்கவைத்துக் கத்தச் சொன்னார். பந்து வைத்திருக்கும் எதிரணிக்காரனைத் தடுப்பவன் கண் பந்தின் மேல்தான் இருக்கும். பக்கத்தில் ஸ்க்ரீன் வைக்க, அதாவது உடம்பால் அவன் வழியை மறிக்க, எவன் வந்து நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. பின்னால் இருப்பவனுக்குத் தெரியும். தெரிந்தவன் வாயைத் திறக்க வேண்டும். வலது, இடது, மாறு, நான் இருக்கிறேன். நான்கே சொல்.

அந்த நான்கு சொல்லுக்கு எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. டீக்கடையில் ஓயாமல் பேசும் பையன்கள் கோட்டுக்குள் கால் வைத்தால் ஊமை. காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. கத்தியது தப்பாகிவிட்டால் பழி நம் மேல் வருமே என்ற பயம். ஆளுக்கொரு திறமை இருந்தது, குதித்தோம், ஓடினோம். ஆனால் ஒவ்வொருவனும் தனியாகத் தோற்றுக்கொண்டிருந்தான். "தப்பாகவே கத்து, பரவாயில்லை. கத்தாதவனைத்தான் உட்காரவைப்பேன்" என்று அண்ணன் சொன்ன பிறகுதான் தொண்டை திறந்தது.

கல்லூரி நண்பன் ஒருவன் இதை ஏற்கவே மாட்டான். இளைஞர் அணியில் வயதானவர்கள் வெறும் சுமை என்பான். 2025இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பட்டம் வென்ற ஒக்லஹோமா சிட்டி தண்டரை அவனுக்குக் காட்டினேன். அவ்வளவு இளம் அணி 1977க்குப் பிறகு பட்டம் வென்றதில்லை. அதிலேயே மூத்தவர் அலெக்ஸ் கரூசோ, வயது 31. அதற்கு முன் பட்டம் வென்ற அனுபவம் அந்த அணியில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ஆறடி ஐந்து அங்குலக்காரரான அவரை டென்வரின் நட்சத்திர வீரர், ஆறடி பதினோரு அங்குல யோகிச்சைத் தடுக்க விட்டார்கள். முன்னால் நின்று பந்து வரும் வழியை மறித்து, தள்ளி, இழுத்து, மல்லுக்கட்டினார். 32 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். நண்பன், "31 எல்லாம் ஒரு வயதா?" என்று கேட்டான். அப்படியானால் மயாமி அணியின் உடோனிஸ் ஹாஸ்லெம். 2003 முதல் 2023 வரை இருபது சீசன். அதில் 2020-21இல் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், அதிலும் மூன்று நிமிடம் முடிவதற்குள் சண்டை போட்டு வெளியேற்றப்பட்டார். ஆனாலும் அடுத்த ஆண்டும் அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். பின்னே, சும்மாவா வைத்திருப்பார்கள்?

மாஸ்டர், உங்களிடம் வருகிறேன். போட்டிக்குப் பட்டியல் கொடுக்கும் அன்று காலையில் உங்கள் பெயரை நீங்களே அடித்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பையன் பெயரை எழுதினீர்கள். முட்டி வலி என்றீர்கள். முந்தின நாள் அதே முட்டியோடு எங்களை விரட்டி விரட்டி ஓடினீர்களே. பிறகு நான்கு நாளும் மேனேஜராக வந்து, கணுக்காலுக்கு டேப் சுற்றினீர்கள், தண்ணீர் பாட்டில் நிரப்பினீர்கள். அரையிறுதியில் கோச் என்னை வெளியே எடுத்தபோது கோபத்தில் துண்டைத் தரையில் வீசினேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்து, நான்காக மடித்து, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்தான் எழுத வேண்டியது. நாங்கள் 61, அவர்கள் 60. பதினோரு விநாடி மிச்சம், பந்து அவர்களிடம். பேங்க் அண்ணன் என் தோளில் கை போட்டு, "இந்தக் குவார்ட்டரில் நமக்கு மூன்று ஃபவுல்தான். இன்னும் ஒன்று கையில் இருக்கிறது" என்றார். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலில் இருந்துதான் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்தில் எறியும் வாய்ப்பு, என்ற விதி எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எண்ணிக்கை வைத்திருக்கத் தெரியாது. அவர்கள் பந்தை நடுக்கோட்டுக்கு மேல் கொண்டுவந்து ஆட்டத்தை அமைக்கும்போது, ஐந்து விநாடி இருக்கையில், அண்ணன் பந்தைத் தட்டப் போவது போல் கையைப் போட்டார். விசில். திட்டம் கலைந்தது, மறுபடி பக்கக்கோட்டிலிருந்து எறிய வேண்டும்.

அது அவருடைய சொந்தக் கணக்கில் ஐந்தாவது ஃபவுல். ஐந்து ஆனவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அதையும் எண்ணித்தான் வைத்திருந்தார். "நீ உள்ளே இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

அவருக்குப் பதில் உள்ளே வந்தது, மாஸ்டர் பெயர் எழுதிய அந்தப் பத்தாம் வகுப்புப் பையன். ஆறு மாதமாக வாய் திறக்காதவன். பந்து வந்தது, நான் என் ஆளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் உடைந்த குரலில் ஒரு கத்தல்: "வலது!" ஸ்க்ரீனைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

பெஞ்சைப் பார்த்தேன். ரயில்வே அண்ணன் கைதட்டவில்லை. தன் தொண்டையை ஒருமுறை தொட்டுக் காட்டினார்.

வீட்டில் உங்களைச் சாயங்காலம் விட்டுக்கொடுத்த அண்ணிமார்களுக்கும், பேங்கில் வேலையை மாற்றிக்கொண்ட சக ஊழியருக்கும், எட்டரை வரை விளக்கை அணைக்காத வாட்ச்மேன் தாத்தாவுக்கும் நன்றி. பரிசுத் தொகையில் முதலில் இரண்டு பந்து வாங்கினோம். மீதியில் பரோட்டா.

அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் பயிற்சி தொடங்குகிறது. மாஸ்டர், உங்கள் முட்டிப் பட்டை என் பையில் இருக்கிறது. துவைத்துக் காயவைத்துவிட்டேன்.

அன்புடன்,
கேப்டன், 7ஆம் எண்