பால் மானியத்தை ஊற்றும் லீற்றருக்கு ஏற்ப வழங்கக் கோரும் மனு

மட்டக்குளி,
கொழும்பு 15.

செயலாளர் அவர்கள்,
கால்நடை அபிவிருத்திக்குப் பொறுப்பான அமைச்சு,
பத்தரமுல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

களனி ஆற்று முகத்துவாரத்தை அண்டிய மட்டக்குளியில் மூன்று கறவைப் பசுக்களை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. என் மாமனார் காலந்தொட்டு இதுவே எங்கள் தொழில். காலைப் பாலை ஆற்றுக்கு அப்பால் வத்தளைப் பக்கத்துச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றுகிறோம். மாலைப் பால் அயலவருக்கும், வெள்ளிக்கிழமைகளில் கோயில் அபிஷேகத்துக்கும் போகிறது. உள்ளூர்ப் பால் உற்பத்திக்கு அரசு மானியம் வழங்குவது எங்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் அது வழங்கப்படும் முறை எங்களைப் போன்ற சிறு வளர்ப்பாளர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனுவை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு புல் வெட்டும் இயந்திரத்துக்கான மானியம் கேட்டு விண்ணப்பிக்கச் சென்றபோது, முழு விலையையும் முதலில் நானே செலுத்திப் பற்றுச்சீட்டைக் கொடுத்தால் பாதித் தொகை பின்னர் கிடைக்கும் என்றார்கள். அதை நம்பிக் காப்பை அடகு வைத்து இயந்திரத்தை வாங்கினேன். பற்றுச்சீட்டைக் கொண்டுபோன நாளில்தான் கொட்டில் நிற்கும் காணியின் உறுதியும் வேண்டும் என்று சொன்னார்கள். நாங்கள் இருப்பதோ குத்தகைக் காணி. விண்ணப்பம் திரும்பி வந்தது. அடகு வட்டியை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, இயந்திரம் ஒருமுறை வாங்கும் பொருள். தீனிச் செலவு தினமும் வருவது. நானூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோ பசும்புல் தேவை. கோ-3 என்னும் தீவனப் புல்லை நட எங்களிடம் நிலமில்லை. ஆற்றங்கரையில் அறுக்கும் புல்லும் வெள்ளம் வந்தால் அழுகிவிடும், பிறகு தேங்காய்ப் பிண்ணாக்கையும் தவிட்டையும் கேட்ட விலைக்கு வாங்க வேண்டியதுதான். 2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்ட பசுக்களில் பல நோயுற்று இறந்ததையும், அவற்றை வாங்கிய பண்ணையாளர்கள் கடனில் அகப்பட்டதையும் அமைச்சு அறியும். மாட்டையும் இயந்திரத்தையும் கொடுத்தால் மட்டும் பால் பெருகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2021இல் பால்மாவுக்கு வரிசை நீண்ட நாட்களில் இப்பகுதித் தாய்மார் போத்தலோடு எங்கள் கொட்டிலுக்கு வந்தார்கள். பசுக்களைத் தீனி குறையாமல் வைத்திருந்ததால்தான் அவர்களுக்குப் பால் கொடுக்க முடிந்தது.

எனவே, மானியத்தின் ஒரு பகுதியையாவது சேகரிப்பு நிலையத்தில் ஊற்றும் ஒவ்வொரு லீற்றருக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டு, பால் பணத்தோடு சேர்த்து வங்கிக் கணக்கில் இடுமாறு தயவாய் வேண்டுகிறேன். இதற்குப் புதிய அலுவலகமோ புதிய படிவமோ தேவைப்படாது. யார், எந்த நாளில், எத்தனை லீற்றர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திண்மம் எவ்வளவு என்பதெல்லாம் அந்நிலையத்தின் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. தண்ணீர் கலந்தால் கொழுப்பையும் திண்மத்தையும் அளக்கும் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மோசடிக்கும் இடம் குறைவு. அயலவருக்கு விற்கும் மாலைப் பாலுக்கு இது கிடைக்காது என்பதை அறிந்தே கேட்கிறேன். பெரும் பண்ணைகளே முழு ஒதுக்கீட்டையும் எடுத்துவிடாதபடி ஒருவருக்கு நாளொன்றுக்கு இத்தனை லீற்றர் வரை என்று எல்லை வைப்பதும் நியாயமாகும்.

கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதம் சினைப்பசு கறக்காது, தீனி மட்டும் குறையாது. அக்காலச் செலவை ஈடுகட்ட, பிறந்த கன்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிவானதும் ஒரு சிறு தொகை வழங்கலாம். காணி உறுதிக்குப் பதிலாகக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றையும் பண்ணைப் பதிவு இலக்கத்தையும் ஏற்றுக்கொள்ளுமாறும், விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலும் கிடைக்கச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம், இயந்திரத்தின் பற்றுச்சீட்டு, கடந்த ஆறு மாதங்களுக்கான பால் கொடுப்பனவுச் சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். அழைத்தால் அசல்களுடன் நேரில் வருவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரி