இனிஷியலை ஏற்காத விண்ணப்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கரன்கோவிலில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், அப்புறம் ஆன்லைன் விண்ணப்பம். காலை 9 மணிக்குக் கடை திறந்தால் இரவு வரை அடுத்தவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் டைப் அடிப்பதுதான் பிழைப்பு. அதில் பார்த்த ஒரு குறையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள். பக்கத்துக் கிராமத்துப் பெண், பி.எஸ்சி. முடித்தவர், சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். எல்லாச் சான்றிதழிலும் பெயருக்குப் பின்னால் 'எம்' என்று ஒற்றை எழுத்து. திரையில் இரண்டு கட்டங்கள்: முதல் பெயர், கடைசிப் பெயர். கடைசிப் பெயரில் 'எம்' அடித்தேன். கீழே சிவப்பில் 'குறைந்தது 3 எழுத்துகள் வேண்டும்' என்று வந்தது. காலியாக விட்டேன், 'கட்டாயம் நிரப்பவும்' என்றது. புள்ளி வைத்துப் பார்த்தேன், 'எழுத்துகள் மட்டும்' என்றது.

"அண்ணாச்சி, மூணு எம் போட்டா எடுத்துக்குமா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. நான்தான் அவருடைய அப்பா பெயரை முழுதாகப் போட்டு அனுப்பினேன். போய்விட்டது. நுழைவுச்சீட்டும் வந்தது, தேர்வும் தேறினார். சான்றிதழ் சரிபார்ப்பில்தான் நிறுத்திவிட்டார்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்று. நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தச் சிவப்பு வரியை எழுதுவது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் ஊர்ந்த காலம் அது. விண்ணப்பத்தை அனுப்பி, அது சர்வர் வரை, அதாவது தளத்தை நடத்தும் தூரத்துக் கணினி வரை போய், 'பின்கோடு விட்டுப்போச்சு' என்று திரும்பி வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். நம் கணினியிலேயே முதலில் பார்த்துச் சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை. ஆரம்பத்திலேயே அதற்கு அமைந்த முக்கிய வேலைகளில் இதுவும் ஒன்று. நல்ல ஏற்பாடுதான், நான் அதை எதிர்க்கவில்லை.

எனக்கும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். கடையில் கூட்டம் சேரும்போது டோக்கன் போட நானே ஒரு படிவம் செய்தேன். தமிழிலும் பெயர் அடிக்கட்டும் என்று, ஏ முதல் இசட் வரை என்ற வழக்கமான விதியை விட்டுவிட்டு, 'எந்த மொழி எழுத்தானாலும் சரி' என்று பொருள்படும் குறியீட்டைப் போட்டேன். பெருமையாக இருந்தது. முதல் ஆளுக்கே சிவப்பு. 'கனக' வரை அடித்தால் ஏற்கிறது, 'கனகா' என்றால் தவறு என்கிறது! அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு விளங்கியது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடு கணக்கில் துணைக்கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்து இல்லையாம், எழுத்தோடு ஒட்டும் குறிகளாம். குறிகளையும் ஏற்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னேன், சரியானது.

அடுத்த வாரம் இன்னொன்று. பெயருக்கு 12 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தேன். ஒரு பெரியவர் கிருஷ்ணமூர்த்தி என்று அடிக்கப் பார்க்கிறார், 'கிருஷ்ணமூர்த' என்பதோடு நின்றுவிட்டது. நமக்கு அது எட்டெழுத்து. கணினி ஒவ்வொரு குறியையும் தனியாக எண்ணுவதால் அதற்குப் பதினைந்து. இத்தனைக்கும் தமிழில் பேசி, தமிழில் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நானே செய்த தவறு இது. அதனால் இணையதளம் செய்கிற பிள்ளைகளை ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் முதல் நாளே ஆட்களை உட்காரவைத்துப் பார்த்ததால் தெரிந்துகொண்டேன். அவர்களும் திறப்பு விழாவுக்கு முன்னால் நம்மூர்ப் பெயர்கள் பத்தைப் போட்டுப் பார்க்கலாமே.

விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன், சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவன், என் டோக்கன் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எஃப்12 விசையைத் தட்டிப் படிவத்தின் நிரலைத் திறந்தான், அதில் ஏதோ ஒரு வரியை அழித்தான், பிரிண்ட் பக்கம் என்ற கட்டத்தில் கழித்தல் 5 என்று போட்டு அனுப்பினான். பக்கத்துக்கு 2 ரூபாய் கணக்கில் பில் கழித்தல் 10 ரூபாய் என்று வந்தது. "மாமா, நீங்கதான் எனக்குப் பத்து ரூபா தரணும்" என்றான். உலாவியில், அதாவது நம் கணினியின் பிரௌசரில், செய்யும் சோதனை படிவம் நிரப்புகிறவரின் வசதிக்கு மட்டும்தான், யாரும் அதைக் கழற்றிவிடலாம், அதையே சர்வரிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று விளக்கினான். அன்று ராத்திரியே திருத்தினேன். ஆக, இந்தச் சோதனை திருடனையும் தடுப்பதில்லை. பிறகு யாரைத்தான் தடுக்கிறது? ஒற்றை எழுத்து இனிஷியல் உள்ளவரை.

உண்மையிலேயே சோதிக்க வேண்டிய இடங்கள் வேறு. வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து, எண்கள். அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான். பாஸ்புக்கில் பார்த்தால் ஆங்கில 'ஓ' மாதிரித் தெரியும். வாரத்துக்கு நாலு பேராவது ஓ அடிக்கிறார்கள். பல படிவங்கள் 'தவறான குறியீடு' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். 'ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வர வேண்டும்' என்று சொன்னால் என்ன? ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைக்கப்பட்டது. வெர்ஹாஃப் என்ற டச்சுக் கணிதவியலாளரின் முறை. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி 45 என்பது 54 ஆனாலும் அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். யாரையும் கேட்க வேண்டாம், உலாவியிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் நான் பார்க்கும் படிவங்களில் பாதி, 12 இலக்கம் இருக்கிறதா என்பதோடு சரி. அட்டையில் அச்சிட்டிருக்கிறபடி நான்கு நான்காக இடைவெளி விட்டு அடித்தால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது. இடைவெளியை நீக்குவது நிரலில் ஒரு வரி.

முகவரியில் இன்னொரு கூத்து. எங்கள் பக்கம் கதவு எண் 4/127பி என்று இருக்கும். சாய்கோடு கூடாது என்பார்கள். கோட்டை எடுத்துவிட்டால் 4127பி. அப்படி ஒரு வீடு எங்கள் தெருவிலேயே இல்லை, தபால்காரர் எங்கே போவார்?

புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் என்கிறார்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்த உடனேயே அதன் அளவு உலாவிக்குத் தெரியும். அப்போதே சொல்லலாம். ஆனால் சில தளங்கள் கடைசிப் பொத்தானை அழுத்திய பிறகு 'படம் பெரியது' என்று சொல்லி, மூன்று பக்கம் நிரப்பியதையும் அழித்துவிடுகின்றன. பின்னால் வரிசையில் ஏழு பேர் நிற்கும்போது அதைப் பார்ப்பவருக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

இதற்கெல்லாம் நான் கண்ட வழி ஒரு 200 பக்க நோட்டு. எந்தத் தளத்தில் புள்ளி ஆகாது, எதில் சாய்கோடு ஆகாது, எதில் இனிஷியலை முன்னால் போட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது, முதல் நோட்டின் அட்டை பிய்ந்துவிட்டது. விண்ணப்பத் தளங்களை வடிவமைக்கும் அதிகாரிகளோ மென்பொருள் நிறுவனத்தாரோ இதைப் படித்துவிட்டுக் கேட்டால் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன். பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு கணினி மையக்காரர்,
சங்கரன்கோவில்.