வெல்பெயர் காசும் வாடகையும்: ஸ்காபரோவிலிருந்து அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் எல்லோரின் நலமும் அறிய ஆவல். மூத்தவனைப் படிப்பு விசாவில் கனடாவுக்கு அனுப்புவதற்காகத் தோட்டக் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். "வேலை கிடைக்காவிட்டாலும் அங்கே அரசாங்கம் காசு கொடுக்கும்தானே" என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் முடிவெடுக்க முன்னர் அதற்கு விரிவாகப் பதில் சொல்வது என் கடமை.

அரசாங்கம் காசு கொடுப்பது உண்மைதான். நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், எங்கள் ஆட்கள் வெல்பெயர் என்று சொல்லும் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற உதவிப்பணத் திட்டத்தில் தனி ஆளுக்கு மாதம் 733 டொலர் வரை கிடைக்கும். அதில் வாடகைக்கு என்று ஒதுக்கியிருப்பது 390 டொலர். மிகுதி 343 டொலருக்குள் சாப்பாடு, உடுப்பு, தொலைபேசி, பஸ் செலவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 2018க்குப் பிறகு இந்தத் தொகையில் ஒரு சதம்கூட ஏறவில்லை. 1995இல் மாகாண முதல்வராக இருந்த மைக் ஹாரிஸின் அரசாங்கம் வெல்பெயர் காசில் 21.6 சதவீதத்தை ஒரேயடியாக வெட்டியது. அந்தக் காயம் ஆறாமலே முப்பது வருடம் போய்விட்டது. படிப்பு விசாவில் வருகிற பிள்ளைகளுக்கோ இதுவும் இல்லை.

நான் இருக்கும் பேஸ்மண்டில் பக்கத்து அறையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். பேக்கரித் தொழிற்சாலையில் மா மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போனவர். அறை வாடகை 650 டொலர் போனால் அவர் கையில் மிஞ்சுவது 83 டொலர். வியாழக்கிழமைகளில் உணவு வங்கி வரிசையில் நின்று கொண்டுவரும் ரின் அவரையையும் பருப்பையும் குசினித் தட்டில் கிழமைக் கணக்குப் பார்த்து அடுக்கி வைப்பார். பஸ் காசை மிச்சம் பிடிக்கப் பனிக்குள்ளும் நடந்தே போய் வருவார். இடையிடையே சிறு வேலை செய்தால், மாதம் முதல் 200 டொலரை விட்டுவிட்டு, அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் அரை டொலரை உதவிப்பணத்தில் கழித்துவிடுகிறார்கள். 500 டொலர் உழைத்தால் 150 டொலர் கழிந்துபோகும். இந்த ஏற்பாட்டில் ஒரு மனிதர் எப்படி நிமிர முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

வேலை இருக்கிறவர்களின் நிலைமையையும் சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்டோபரில்தான் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர் ஆனது. 2024இல் அது 17.20 ஆக இருந்தபோது, ரொறன்ரோப் பகுதியில் கடனின்றி வாழ 26 டொலராவது வேண்டும் என்று வாழப் போதுமான சம்பளத்துக்காகப் பாடுபடும் அமைப்பு ஒன்று கணக்குக் காட்டியது. நான் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். நாளைக்கு வேலை உண்டா என்பது முதல்நாள் இரவு வரும் குறுஞ்செய்தியைப் பார்த்தால்தான் தெரியும். காய்ச்சல் என்று மூன்று நாள் நின்றால் சட்டம் வேலையைக் காக்கும், அந்த மூன்று நாள் சம்பளத்தைத் தராது. ஆகவே காய்ச்சலோடும் போகிறோம்.

வெல்பெயரைக் கூட்டினால் ஆட்கள் வேலைக்குப் போகமாட்டார்கள் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். நான் காண்பது வேறு. உதவிப்பணம் வாடகைக்கே போதாமல் இருப்பதால்தான், எந்தச் சம்பளம் கொடுத்தாலும், எந்த நேரத்துக்குக் கூப்பிட்டாலும் மறுக்க முடியாமல் நாங்கள் போய் நிற்கிறோம். அது ஏஜென்சிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

போதுமான காசு கொடுக்க இந்த நாட்டுக்கு முடியாது என்றும் நான் நம்பவில்லை. கொரோனாக் காலத்தில் வேலை இழந்தவர்களுக்கு மாதம் 2,000 டொலர் கொடுத்தார்கள். 2020இல் நாட்டின் வறுமை விகிதம் 6.4 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த உதவிகளை நிறுத்திய பின் 2022இல் 9.9 ஆக ஏறிவிட்டது. 2016இல் தொடங்கிய பிள்ளைகளுக்கான கொடுப்பனவு விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஓரளவு மூச்சுவிடுகின்றன. தனி ஆளுக்கு மட்டும் எட்டு வருடப் பழைய கணக்கு.

அம்மாவைக் கூப்பிடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெற்றோரை ஸ்பொன்சர் செய்தால் இருபது வருடத்துக்கு அவர்களின் செலவுக்கு நான் பொறுப்பு. அதற்குள் அவர் வெல்பெயர் எடுத்தால் அந்தக் காசை நான்தான் திருப்பிக் கட்ட வேண்டும். முதியோர் ஓய்வூதியத்துக்கும் இங்கே பத்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். இப்போதைய வருமானத்தில் நான் விண்ணப்பிக்கவே முடியாது. அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

காணியை ஈடு வைக்காதீர்கள் அண்ணா. மூத்தவன் மின்சார வேலைப் படிப்பை முடித்துச் சான்றிதழ் எடுக்கட்டும். அதன் பிறகு தொழிலாளர் விசாவில் வர வழி உண்டா என்று நானே விசாரித்து எழுதுகிறேன். அம்மாவின் மருந்துக்கான காசை மாத முடிவில் அனுப்புவேன். இந்த முறை கொஞ்சம் குறையும்.

அன்புடன்,
உங்கள் தம்பி