போத்தமுக்கு 22 வருடம் முன்பே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுக் கேள்வி-பதிலில், ஒரே டெஸ்டில் சதமும் அடித்துப் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆட்டக்காரர் இயன் போத்தம் (மும்பை, 1980) என்று போட்டிருக்கிறீர்கள். ஆண்களில் அவர்தான் முதல், சரி. ஆனால் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன் 1958 பிப்ரவரியிலேயே இதைச் செய்துவிட்டார்.

மெல்போர்னின் செயின்ட் கில்டாவில், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் அது. மழையில் ஊறிய பிட்சில் ஆஸ்திரேலியா 38 ரன்னுக்குச் சுருண்டது. அதில் 12 ரன் பெட்டியுடையது, அதுதான் அதிகபட்சமும். அப்புறம் ஆஃப் ஸ்பின் போட வந்தார். ஏழே ரன் கொடுத்து ஏழு விக்கெட், அதற்குள் ஒரு ஹாட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) வேறு. பெண்கள் டெஸ்டில் அதுதான் முதல் ஹாட்ரிக். இங்கிலாந்து 35-க்கு ஆல் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் சரியாக 100 அடித்தார், மறுபடி பந்துவீசி 9 ரன்னுக்கு 4 பேரை அனுப்பினார். இவ்வளவு செய்தும் ஜெயிக்க முடியவில்லை. கடைசி இரண்டு விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலாந்து எப்படியோ டிரா செய்துவிட்டது!

ஆஸ்திரேலியாவின் பேட்டிங் மேதை டான் பிராட்மேன் பெயரால் அவரை 'பெண் பிராட்மேன்' என்பார்கள். பிராட்மேன் டெஸ்டில் எடுத்த விக்கெட் மொத்தமே இரண்டுதான். பெட்டி எடுத்ததோ 68, விக்கெட்டுக்குச் சராசரியாகக் கொடுத்தது 11.80 ரன்தான். பேட்டிங்கில் 862 ரன், சராசரி 57.46.

இத்தனையும் வெறும் 11 டெஸ்டில். 1921-இல் பிறந்தவர், பத்து வயதிலேயே காலிங்வுட் பெண்கள் கிளப்பில் சேர்ந்தவர், முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 26. நடுவில் உலகப்போர் வந்துவிட்டது. 1948-இல் வெலிங்டனில் ஆடிய அந்த முதல் டெஸ்டிலேயே 90 ரன், 10 விக்கெட். கிரிக்கெட்டுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவருக்கு, 1951 இங்கிலாந்து பயணத்துக்குப் பிறகு 1957 வரை ஒரு டெஸ்ட்கூட இல்லை. ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கே அந்த ஆறு வருடம் டெஸ்ட் கிடையாது. சாதனைப் பட்டியலில் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் பெயர் கண்ணில் படாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். கேள்வி-பதில் பகுதியிலேயே, முடிந்தால் அவர் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை