கழுத்துவலிக்குத் தைலம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் 20 ஆண்டுகளாகப் பூமாலை கட்டி வருகிறேன். சுமார் 5 கிலோ எடையுள்ள தலையை நாள் முழுவதும் குனிந்த நிலையில் தாங்கித் தாங்கிக் கழுத்துத் தசைகள் இறுகிப்போய், சென்ற ஆண்டு வலி வலது தோள்பட்டை வரை இறங்கியபோது, அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பித் தைலமும் மாத்திரையும் படுக்கையுமாக 3 மாதங்களைக் கழித்துவிட்டேன்.

பெரும்பாலான கழுத்து, முதுகு வலிகளுக்கு நீண்ட ஓய்வைவிட அளவான அசைவே நல்லது என்பது பிசியோதெரபிக்குச் சென்ற பிறகுதான் புரிந்தது. சிகிச்சையாளர் முதலில் என் விரல்களில் மரமரப்பு உள்ளதா, பிடிமானம் குறைந்துள்ளதா என்று சோதித்தார். பிறகு, முகத்தைத் தாழ்த்தாமல் மோவாயை மட்டும் பின்னோக்கி இழுத்து 5 விநாடி நிறுத்தும் பயிற்சியைக் கண்ணாடி முன் பலமுறை செய்யவைத்தார். வெந்நீர் ஒத்தடம் சற்று நேரம் வலியைத் தணிக்கும். தசைக்கு வலுவூட்டுவது பயிற்சியே. மாலை கட்டும் பலகையையும் இப்போது உயர்த்தி வைத்திருக்கிறேன்.

கழுத்தைச் 'சொடக்கு' எடுப்பவர்களிடம் நம்மவர்கள் இன்னும் போவது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் பிசியோதெரபிஸ்டுகளையும் உள்ளடக்கியது என்பதால், பதிவு பெற்றவர்தானா என்று கேட்டறிவது நம் உரிமை. முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தங்கள் நாளிதழ் இப்பயிற்சிகளைப் படங்களுடன் வாரந்தோறும் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பூ வியாபாரி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு