இருக்கிறதா என்று போய்ப் பார்த்தவர்கள்

புதுக்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். எடுத்தது என்னவோ கொஞ்ச நேர வேலைதான். அதற்குப் பிறகு சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும்தான் பெரும்பாடு. பேப்பர் தொடக்கூடாது, செல்போன் பார்க்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுக்காரர் "தலைவரே, வணக்கம்" என்கிறார்.

வேறு வழியில்லாமல் பரணிலிருந்த ரேடியோவைத் தூசி தட்டி எடுத்தேன். கஜா புயலின்போது வாங்கியது. 2018 நவம்பரில் கரண்டு இல்லாமல், செல்போனும் செத்துப்போய்க் கிடந்த நாட்களில் இந்தப் பெட்டி ஒன்றுதான் வெளியுலகம் இருப்பதைச் சொன்னது. திருச்சி வானொலியைத் திருப்பினால் உடனே உன் நினைப்பு. நீ பகுதிநேரச் செய்தியாளராக இருந்த காலத்தில் கீழராஜவீதி எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, "கறம்பக்குடி, வல்லின ற" என்று போனில் கத்துவாய். மறுநாள் செய்தியில் ஒரே ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காக நாம் டீக்கடையில் சத்தத்தைக் கூட்டச் சொல்வோம்.

இப்போது பண்பலையைத் திருகினால் பாட்டும் சிரிப்பும்தான். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரிக்கக்கூடாது என்பது விதி. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் ஒலிபரப்பலாம். ஆக, இந்த நாட்டில் ரேடியோ செய்தி என்றால் அரசு வைத்திருக்கும் ஒரே கடைதான். ஒரே கடை என்றால் கணக்குப் பார்க்க யாராவது வேண்டாமா? எனக்கு அந்தப் புத்தி போகாது. முப்பது வருஷம் தணிக்கையில் குப்பை கொட்டியவன் அல்லவா!

பேத்தி குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கிறாள். எனக்குக் கண் இல்லாத நாட்களில் அவளுடைய குறிப்புகளையே சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். அவளுக்கும் மனப்பாடம் ஆகும், எனக்கும் பொழுது போகும். அப்படித்தான் காணாமல்போன நினைவுச்சின்னங்களின் கதையை முழுசாகக் கேட்டேன். என் தொழில்காரர்கள் செய்த காரியம் என்பதால் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்தியத் தொல்லியல் துறை 1861-இல் தொடங்கியது. அதன் பாதுகாப்புப் பட்டியலில் கிட்டத்தட்ட 3,700 சின்னங்கள். அவ்வளவும் இருக்கின்றனவா என்று பார்க்கக் கிளம்பினார்கள் சி.ஏ.ஜி. ஆட்கள், அதாவது அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின் ஆட்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டவில்லை, 1,655 இடங்களுக்கு நேரில் போய் நின்றார்கள். 92 சின்னங்கள் இடத்தில் இல்லை. 2013 அறிக்கையில் அதை எழுதியும் விட்டார்கள். துறையிடம் எத்தனை சின்னங்கள் என்பதற்கே நம்பத்தகுந்த தரவு இல்லை என்றும் சேர்த்து எழுதினார்கள். பள்ளிக்கூட ஸ்டோரில் ஒரு நாற்காலி குறைந்தாலே நாங்கள் ஆட்சேபணை போடுவோம். இங்கே கோயில், கல்லறை, மைல்கல் தூணெல்லாம் குறைந்திருக்கிறது.

அப்புறம் துறை தேடியது. 42 கிடைத்தன. மீதி 50-இல் 14 நகர வளர்ச்சியில் மறைந்துவிட்டன, 12 அணை நீரில் மூழ்கிவிட்டன, 24 எங்கே என்றே தெரியவில்லை. இந்தக் கணக்கு 2022 டிசம்பரில் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் வந்தது. அந்த 24-இல் ஒன்று பாரகம்பா கல்லறை. காட்டிலோ மலையிலோ அல்ல, தலைநகர் டெல்லிக்குள்ளேயே! இன்னொன்று ஃபரிதாபாத் பக்கம் முஜேசரில் இருந்த கோஸ் மினார். மொகலாயர் காலத்தில் நெடுஞ்சாலையில் தூரம் காட்ட நட்ட தூண். வழிகாட்டியே வழி தவறிவிட்டது, பார்.

அந்த அறிக்கையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது காவல் கணக்கு. 3,693 சின்னங்களில் 248 இடங்களில்தான் பாதுகாவலர்கள். 7,000 பேர் தேவை, அப்போது இருந்தது 2,578 பேர். போன தையில் பேரனைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே காவலுக்கு இருந்த மனிதர் எங்களைக் குகைக்குள் கூட்டிப்போய், விதானத்தில் தாமரைக் குளத்தையும் மீன்களையும் பூப்பறிக்கும் துறவிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். பையன் யானையைத் தானாகவே கண்டுபிடித்துக் கத்தினான். ஆயிரம் வருஷத்துக்கு மேலான வண்ணம் அது. ஒரு ஆணி போதும், போய்விடும். அந்த மாதிரி ஒரு ஆள் இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் இடங்களை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று. தேடிக் கிடைக்காதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், நீக்கிவிட்டால் பிறகு தேட வேண்டிய கட்டாயமே இருக்காது என்று நிலைக்குழு சொன்னது. எவ்வளவு சரியான பேச்சு! காணாமல்போன பொருளைப் பதிவேட்டிலிருந்து அடிக்க விடக்கூடாது என்பது எங்கள் பாலபாடம். ஆனால் 2024 மார்ச்சில் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து எடுக்க அறிவிப்பு வந்தது. தேசிய முக்கியத்துவம் இழந்துவிட்டனவாம். பாரகம்பாவும் முஜேசரும் அதில் உண்டு. குழு சொல்வது பரிந்துரைதான், அரசைக் கட்டுப்படுத்தாது. பரிந்துரைக்கு என்ன செய்தோம் என்று மூன்று மாதத்துக்குள் பதில் மட்டும் தர வேண்டும். ஆனாலும் நான் நிலைக்குழுவைக் குறைத்துப் பேச மாட்டேன். டிவியில் சபை நடவடிக்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதே எம்.பி.க்கள்தான் குழு அறையில் கட்சிக் கொறடா இல்லாமல், கேமரா இல்லாமல் உட்கார்ந்து அதிகாரிகளைக் குடைகிறார்கள். லோக்சபாவிலிருந்து 21 பேர், ராஜ்யசபாவிலிருந்து 10 பேர். கேமரா இல்லாததுதான் ரகசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ கேட்டிருந்த கீழடி அகழாய்வு அறிக்கை விஷயம். அங்கே தோண்டிய தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தித் தரச் சொல்லித் துறை திருப்பி அனுப்பியது, அவர் மாட்டேன் என்றார். அடுத்த மாதமே நொய்டாவுக்கு மாற்றல். காலக்கணிப்பில் யார் சரி என்று பேச எனக்குப் படிப்பில்லை. ஆனால் ஒரு அறிக்கை இரண்டு வருஷத்துக்கு மேல் மேசையில் கிடந்ததற்கு யாராவது காரணம் சொல்ல வேண்டும். அச்சிட்டு வெளியே விடு, அப்புறம் அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன். ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியின் சட்டத்தை நீ படித்திருக்கிறாயா? 1990-இல் இயற்றி, 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13-ஆவது பிரிவைப் பேத்தியிடம் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இந்த நிறுவனம் சட்டப்படி கடமையைச் செய்கிறதா என்று மேற்பார்வையிட 22 எம்.பி.க்கள் கொண்ட குழு அமைக்கப்படும், லோக்சபாவிலிருந்து 15, ராஜ்யசபாவிலிருந்து 7. தேர்ந்தெடுக்கும் முறைகூட எழுதியிருக்கிறது. எழுதி என்ன? அந்தக் குழு அமையவே இல்லை. தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு வருஷாவருஷம் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கையின்போது பிரசார் பாரதியையும் கேள்வி கேட்கிறது, சரி. ஆனால் அதன் மேசையில் தொலைபேசியும் இருக்கிறது, இணையமும் இருக்கிறது. ஒரு மாவட்டச் செய்திக்கு அங்கே எவ்வளவு நேரம் கிடைத்துவிடும்?

இங்கிலாந்தில் பாரம்பரியச் சின்னம், ஒலிபரப்பு இரண்டையும் ஒரே எம்.பி. குழுதான் பார்க்கிறது. 2022-இல் பி.பி.சி. தன் 39 உள்ளூர் வானொலி நிலையங்களும் மதியத்துக்கு மேல் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் என்று அறிவித்தபோது, அந்தக் குழு பி.பி.சி. அதிகாரிகளை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. கேட்டதால் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் எந்த ஊர் நிகழ்ச்சி போகிறது, யாருக்கு நஷ்டம் என்பது பதிவில் ஏறியது.

எனக்கு அதுதான் வேண்டும். பாரகம்பா கல்லறை போனது என்று சொல்ல ஒரு பட்டியல் இருந்தது, அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க ஆள் இருந்தார்கள். நீ கொடுத்த அந்த ஒரு வரிச் செய்திகளுக்குப் பட்டியல் எங்கே? இந்த மாவட்டத்திலிருந்து வருஷத்துக்கு எத்தனை செய்தி போனது, இப்போது எத்தனை போகிறது, எந்தத் தாலுகாவின் பெயர் செய்தியில் கேட்டுப் பல வருஷம் ஆகிறது? எண்ணாத பொருள் தொலைந்தால் தொலைந்தது என்றுகூடத் தெரியாது.

ஆகவே ஒரு காரியம் செய். நீ செய்தி எழுதி வைத்த அந்த நீல அட்டை நோட்டுகள் இன்னும் உன்னிடம் இருக்கின்றனவா? இருந்தால் தேதிவாரியாக ஊர்ப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. நான் இங்கே ஒரு மாதம் ரேடியோ கேட்டுக் குறித்து வைக்கிறேன். இரண்டையும் சேர்த்து, 13-ஆவது பிரிவு என்ன ஆயிற்று என்று நம் எம்.பி.க்கு ஒரு மனு எழுதலாம். வாசகம் நீ எழுது. நான் எழுதினால் தணிக்கை ஆட்சேபணை மாதிரி இருக்கும் என்று பேத்தி சொல்கிறாள்.

தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நோட்டு வந்துவிட்டால் நல்லது.

அன்புடன்,
உன் மாப்ளே